எலிகளை எல்லாம் குணப்படுத்தியவர்

எல்லாம்குணமாக்கி என்றோர் இனம் இருக்கிறது. அந்தப் பெயர் நான் வைத்தது. ஆள் டாக்டர் அல்ல. அவரைத் தேடி நோயாளி யாரும் வருவதில்லை. நாட்டு வைத்தியரும் அல்ல; நாடி பிடிக்கத் தெரியாது. அவர் ஆராய்ச்சியாளர். காலையில் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, மலைச்சரிவில் யாரோ தோண்டியெடுத்த ஒரு வேரை இடித்து, ஊறவைத்து, வடித்து, காய்ச்சி, பொடியாக்கி, கண்ணாடித் தட்டில் வளர்கிற புற்றணுக்களின் தலையில் கொட்டுவார். அணுக்கள் சாகும். சாகாமல் என்ன செய்யும்? சீனாவில் எங்கள் செங்டு நகரத்து மிளகாய் விழுதைக் கொட்டினாலும்தான் சாகும். ஆனால் அன்று மாலையே அவர் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுவார்.

இவரை அடையாளம் காண்பது எளிது. மூலிகைக் கடைப் பக்கம் போனால், மற்றவர்கள் 'இது என்ன?' என்று கேட்கும் இடத்தில் இவர், 'இது எதுக்கெல்லாம் கேக்கும்?' என்பார். விஞ்ஞானிகள் கூடிய சபையில் ஈராயிரம் ஆண்டு அனுபவத்தைப் பற்றிப் பேசுவார். பழைய வைத்தியர்கள் கூடிய சபையில் மூலக்கூறுகளைப் பற்றிப் பேசுவார். இரண்டு தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்துவிட்டால் தேநீரைப் பற்றிப் பேசுவார். இவருடைய கட்டுரைகளில் தவறாமல் ஒரு படம் இருக்கும். நடுவில் வேர், அதிலிருந்து ஈரலுக்கு ஓர் அம்பு, மூளைக்கு ஓர் அம்பு, குடலுக்கு இரண்டு, குடலிலிருந்து சுற்றிக்கொண்டு மறுபடி மூளைக்கு ஒன்று. எங்கள் ஊர் மெட்ரோ ரயில் வரைபடம்கூட அதைவிடத் தெளிவு. மெட்ரோவில் ஏறினால் எங்காவது போய்ச் சேரலாம்.

எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் வாழும் எல்லாம்குணமாக்கியின் பெயர் பேராசிரியர் கோங் பெய்ஷூ. நான் அதே கட்டிடத்தில் கீழ்த்தளத்தில் புள்ளிவிவரக் கணக்குப் பார்க்கிறவள். எல்லாருடைய எண்களும் என் மேஜைக்கு வந்துதான் போகும். அவருடையவை கொஞ்சம் அடிக்கடி வரும்.

"சார், எலி மூணு குறையுதே?"

"அதுங்க ஒத்துழைக்கலைம்மா."

"செத்துப் போச்சா?"

"செத்துச்சுன்னு ஏன் சொல்றே? ஆராய்ச்சியிலேர்ந்து விலகிடுச்சுன்னு போடு."

இப்படி விலகியவை போக மீதமிருந்த எலிகளுக்கு அவருடைய கசப்பு வேர் எதைத்தான் சரிசெய்யவில்லை! சர்க்கரை, கொழுப்பு, மூட்டு வீக்கம், மனச்சோர்வு, மறதி, முடி கொட்டுவது. மனச்சோர்வு வந்த எலியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருமுறை கேட்டேன். "தண்ணில போட்டா நீந்தாம சும்மா மிதக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அப்படித்தான் இருக்கிறேன் என்றேன். "வேர் கேக்கும்!" என்றார். யோசிக்கக்கூட இல்லை.

நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் வேர்ப் பொடியோடு முதல் ஆளாக வந்து நிற்பார். அந்தப் பொடியை வாயில் போட்டால் நாக்கு மட்டுமல்ல, அன்று முழுவதும் நினைப்பே கசக்கும். வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, அவர் தலை மறைந்ததும் தொட்டிச் செடிக்குப் போட்டுவிடுவோம். செடிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், அதற்கும் ஒரு கட்டுரை வந்துவிடும்.

இந்த நிலையில்தான் ஆண்டுதோறும் ஊழியர்களுக்கு நடக்கும், அவர் இதுவரை தட்டிக்கழித்துவந்த உடல் பரிசோதனையில் கோங்குக்கே சர்க்கரை என்று தெரிந்தது. கொஞ்சநஞ்சம் அல்ல. பல வருஷமாக உள்ளே குடியிருந்து, வாடகை பேசி, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்ட சர்க்கரை.

நகர மருத்துவமனையில் பார்த்த டாக்டர் ஷாவ் யின் ஒரு காலத்தில் அவருடைய மாணவி. மாத்திரைச் சீட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"எங்கிட்டயே மருந்து இருக்கும்மா."

"சார், அது எலிக்கு."

"எலியும் மனுஷனும் ஒண்ணுதான். என் ஏழாவது கட்டுரையைப் படி."

"படிச்சேன் சார். அதுல எலிக்கு எவ்வளவு குடுத்தீங்களோ, அதை அப்படியே உங்க எடைக்குப் போட்டுப் பாத்தா, தினம் ஒரு வாளி கஷாயம் வருது."

"வாளிதானே?" என்றார் கோங்.

அவருடைய மனைவி ஹுய்ரோங் அன்று முதல் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெரிய சூப்புப் பாத்திரம் அடுப்பை விட்டு இறங்கவில்லை. வீட்டுத் திரைச்சீலை, தலையணை, மாஜோங் ஆட்டக் கட்டைகள், எல்லாவற்றிலும் வேர் வாசனை. மாஜோங் ஆட வந்துகொண்டிருந்த தோழிகள் ஒவ்வொருவராக நின்றார்கள். கோங் முழு வாளியும் குடிக்கவில்லை. ஒரு கிண்ணத்துக்கு மேல் எந்தக் குடலும் சம்மதிக்காது. கழிப்பறைக்கு அவர் போய்வந்த காலடிச் சத்தத்தைக் கேட்ட கீழ்வீட்டுக்காரர் ஓட்டப் பயிற்சி என்று நினைத்துப் பாராட்டினார்.

ஆனால் சர்க்கரை இறங்கியது!

கோங் மக்கள் பூங்காவின் தேநீர்க் கடைக்குப் போய், மூங்கில் நாற்காலியில் சாய்ந்து, மூடி போட்ட தேநீர்க் கோப்பையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டு அறிவித்தார். கடைக்கு வருகிறவர்களுக்குக் காது சுத்தம் செய்துவிடுபவர்கூட வேலையை நிறுத்திக் கேட்டார். அங்கே ஹுய்ரோங்கின் தம்பி தாயோங்கும் இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருக்கும் அதே சர்க்கரை, அதே தொப்பை.

"மச்சான், நீங்க இப்பல்லாம் ஹாட்பாட் சாப்பிட வர்றதில்லையே?" என்றார் தாயோங். மேஜை நடுவில் கொதிக்கும் மிளகாய்க் குழம்பில் இறைச்சியை முக்கித் தின்கிற எங்கள் ஊர் விருந்து அது.

"எதைச் சாப்பிட்டாலும் கசக்குது. யார் சாப்பிடுவா?"

"பீரு?"

"அதுவும் கசக்குது."

"பீரு எப்பவும் கசக்கத்தானே செய்யும்?"

"இது வேற கசப்பு."

"அப்போ சர்க்கரையை இறக்குனது வேரா, பட்டினியா?"

கடையே சிரித்தது. கோங்குக்குக் கோபம் வரவில்லை. எல்லாம்குணமாக்கிகளுக்கு எளிதில் கோபம் வராது. சந்தேகப்படுகிறவர்கள்மேல் அவர்களுக்கு இரக்கம்தான். அங்கேயே ஒரு பந்தயம் முடிவாயிற்று. இருவரும் ஹுய்ரோங் கையால் ஒரே அளவு, ஒரே சாப்பாடு. இருவரும் மாலையில் ஆற்றங்கரையில் சேர்ந்து நடக்க வேண்டும். கோங்குக்கு மட்டும் வேர். தாயோங் வேர் கொடுக்காத எலி.

"வேர் இல்லாத எலிக்கு வாரத்துக்கு ஒரு பீரு உண்டா?" என்று கேட்டார் தாயோங். கிடையாது என்றுவிட்டாள் விஷயம் கேட்ட அக்கா ஹுய்ரோங்.

சில வாரம் கழித்து இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். முடிவு என் மேஜைக்கு வந்தது; இருவருக்கும் இறங்கியிருந்தது. தாயோங்குக்குக் கூடுதலாகவே இறங்கியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அன்று தலையைத் தொங்கப் போட்டிருப்பார்கள். கோங் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்ததை நானே பார்த்தேன்.

"சமையலறையில யாரு உட்கார்ந்து சாப்பிட்டது?"

"நான்தான்" என்றார் தாயோங்.

"அடுப்புல என்ன கொதிச்சுக்கிட்டிருந்துச்சு?"

"உங்க வேர்."

"ஆவி!" என்று கத்தினார் கோங். "நீ மூக்கு வழியா குடிச்சிருக்கே! ரத்தத்துல நேரா கலந்திருக்கு! அதான் எனக்கும் மேல இறங்கியிருக்கு!"

தாயோங் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சர்க்கரை இறங்கியது உண்மை. போதுமான அளவுக்கு இறங்கவில்லை என்பதும் உண்மை. இரண்டாவதைக் கோங் யாரிடமும் சொல்லவில்லை. குளிர்காலம் வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி, படுக்கப் போகும் முன் மரத்தொட்டியில் சுடுநீர் ஊற்றிக் கால் வைத்துக்கொண்டு உட்காருவார். வெறும் சுடுநீரா? வேர்க் கஷாயம்தான். ஓர் இரவு அப்படி உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் வந்த ஹுய்ரோங் கஷாயம் ஆறிவிட்டதா என்று பார்க்கத் தொட்டியில் விரலை விட்டு, அலறிக்கொண்டு எடுத்தாள்.

"ஏங்க! கொதிக்குதே! காலை எடுங்க!"

"இதமாத்தானே இருக்கு?"

காலை எடுத்தபோது பாதம் சிவந்து, விரலிடுக்குகளில் தோல் கொப்புளித்திருந்தது. கோங் அதை யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார். வலிக்கவே இல்லை. வலிக்காததுதான் அவரைப் பயமுறுத்தியது. பாதங்களில் உணர்ச்சி போய் எத்தனை காலம் ஆயிற்றோ!

மருத்துவமனையில் ஷாவ் யின் குனிந்து கட்டுப் போட்டாள். திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"கால் போயிடுமாம்மா?" என்று கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா போகாது சார்."

"நான் இத்தனை வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்கேனே..."

"எலிக்கு நல்லா பண்ணியிருக்கீங்க சார். மனுஷங்களுக்குக் குடுத்து முறையா பார்க்கலாம்னு நான் உங்ககிட்ட படிக்கும்போதே கேட்டேன். அவசியமில்லைன்னீங்க."

ஹுய்ரோங் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். கோங் மாத்திரையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இதை நான் ஒப்பிட்டுப் பாக்கிறதுக்காகத்தான் சாப்பிடறேன்" என்றார்.

"எதுக்காக வேணா சாப்பிடுங்க. முழுங்குங்க" என்றாள் ஹுய்ரோங், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. அவள் கண்ணைத் துடைத்ததை அவர் பார்க்கவில்லை.

புண் ஆறியது. மாத்திரையில் சர்க்கரை இறங்கியது. கால் தப்பித்தது. பழைய கோங்கும் திரும்பி வந்துவிட்டார். "கவனிச்சியா? வேர்த் தண்ணில வெச்சதாலதான் புண்ணு சீழ் பிடிக்கலை!"

"அந்தத் தண்ணிலதானே வெந்துச்சு!" என்றாள் ஹுய்ரோங்.

ஆனால் ஒன்று மாறியது. அவரே ஷாவ் யின்னைத் தேடிப் போய், மனிதர்களுக்கே கொடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். பாதிப் பேருக்கு வேர், பாதிப் பேருக்கு அதே கசப்புள்ள போலி; யாருக்கு எது என்பது அவருக்கும் தெரியாது. அந்த மாதங்களில் அவர் பட்ட அவஸ்தை இருக்கிறதே! நோயாளிகளின் முகத்தைப் பார்த்தே, 'இந்த அம்மா சாப்பிடறது வேர்தான், கன்னத்தைப் பாரு' என்று என்னிடம் கிசுகிசுப்பார். பிறகு பார்த்தால் அந்த அம்மாள் போலிக் கூட்டத்தில் இருந்தார்.

கணக்கு முடிந்த அன்று என் மேஜை முன்னால் நின்றார். உட்காரவில்லை.

"சர்க்கரை இறங்கியிருக்கு சார். மாத்திரை அளவுக்கு இல்ல. ஆனா போலியைவிட இறங்கியிருக்கு. நிச்சயமா."

"முடி?"

"இல்ல சார்."

"மூட்டு வலி? மறதி?"

"இல்ல சார்."

"ஒரே ஒரு நோய். அதுவும் கொஞ்சம்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். ஆனா ஒரு எலிகூட விலகலை."

வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய குடும்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் கற்பனை என்று தெரிந்து, ஒன்றே ஒன்று மட்டும் நிஜமாக மடியில் வந்து உட்கார்ந்தால் ஒருவர் எப்படிப் பார்ப்பார்? அப்படிப் பார்த்தார். "கொஞ்சம்தான் இறங்குதுன்னே எழுதிடு. இதை மட்டும் யாரும் அசைக்க முடியாதுல்ல?" என்று கேட்டார். முடியாது என்றேன். அன்று தாயோங்கோடு ஹாட்பாட் கடைக்குப் போய், கீரையும் காளானும் மட்டும் சாப்பிட்டு, கடை முழுவதையும் கூப்பிட்டு அந்தக் 'கொஞ்சம்' பற்றிச் சொன்னாராம். இப்போது ஏதோ பாசியைப் பிடித்திருக்கிறார். ஞாபகமறதிக்குக் கேட்குமாம், எலிகள் சொல்கின்றனவாம்.

இவ்வளவு நேரம் கோங்கைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், அவர் வருத்தப்பட மாட்டார். நான் கேட்பது வேறு. போன மாதம் உங்களுக்குச் சளி பிடித்ததே, அப்போது நீங்கள் எதையோ கொதிக்க வைத்துக் குடித்தீர்கள். மிளகோ, மஞ்சளோ, துளசியோ, உங்கள் வீட்டுக்கே உரிய ஏதோ ஒன்று. சில நாளில் சளி போய்விட்டது. நீங்களும் பார்த்தவர்களிடமெல்லாம் அதைக் குடிக்கச் சொன்னீர்கள். அந்தச் சளி, ஒன்றுமே குடிக்காமல் இருந்திருந்தாலும் அதே நாளில்தான் போயிருக்கும் என்று நான் சொல்கிறேன்.

பார்த்தீர்களா? 'அப்படியில்லைங்க, எங்க வீட்டுல...' என்று ஆரம்பித்துவிட்டீர்களே!