இலகு எடைக்கு வாய்த்த பெருங்குரல்

பினாங்கில் மைக்காரரைவிடச் சத்தமானது ஃபெர்ரியின் ஊதல் ஒன்றுதான். அதுவும் அவருக்குத் தொண்டை கட்டிய நாட்களில் மட்டும்.

பகலில் மார்க்கெட் ஸ்ட்ரீட் துணிக்கடை வாசலில் நின்று ஆள் கூப்பிடுவார். சனிக்கிழமை மாலை மல்யுத்தக் கூடத்தில் வீரர்களை அறிமுகம் செய்வார். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது; மைக் பிடிப்பதால் மைக்காரர். எழுபதுகளின் கடைசியில் நான் ஒலிபெருக்கி வாடகைக் கடையில் இருந்தேன். அவர் கையில் மைக்கைக் கொடுப்பது சுலபம்; திரும்ப வாங்குவதுதான் வேலை.

பந்தயம் நடத்திய முதலாளிக்கு இலகு எடை வீரர்கள் என்றாலே இளப்பம். ஜனங்கள் நாற்காலி தேடும் நேரத்தில், கோமாளித் தொப்பி மாட்டி அவர்களை முதலில் அனுப்பிவிடுவார். மலைபோன்ற ஆட்கள் வரும்வரை கச்சான் கடலை கொறிக்க ஒரு சாக்கு.

மைக்காரர் மட்டும் முழங்குவார்: "இதோ வர்றான், ஆகாயத்துல நடக்கிறவன்! முன்வரிசைக்காரங்க தலையைப் பத்திரமா வச்சுக்குங்க!"

"யோவ், கோமாளின்னு சொல்லுய்யா!" என்று முதலாளி பல்லைக் கடிப்பார்.

"அவன் கயித்து மேல ஏறித் தலைகீழா குதிக்கிறான் மொதலாளி. நீங்க நாற்காலியிலேர்ந்து குதிங்க, உங்கள வேணா கோமாளின்னு சொல்றேன் லா."

"இன்னொரு வாட்டி இப்படிப் பேசினே, மைக் உனக்கில்ல!"

அடுத்த வாரமே கன எடை வீரர்கள் இருவரும் வந்த கார் அக்கரையில், பட்டர்வொர்த்தில் பழுதாகிப் படுத்துவிட்டது. கூட்டம் நாற்காலிகளைத் தரையில் தட்டத் தொடங்கியது. முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியது.

"அண்ணே, ஏதாச்சும் செய்யுங்க!" 'யோவ்' அன்றுதான் 'அண்ணே' ஆயிற்று.

"தொப்பியக் கழட்டச் சொல்லுங்க. செய்றேன்."

இலகு எடைக்காரர்கள் இருவரும் கழற்றினார்கள். ஒருவர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி, மற்றவர் முடிதிருத்தும் கடைக்காரர்.

"பெரியோர்களே! இத்தன நாள் நீங்க பார்த்தது தள்ளுமுள்ளு. இதுதான் சண்டை. கண்ணச் சிமிட்டினா நட்டம்!"

இருவரும் பறந்தார்கள். கச்சான் மெல்லும் சத்தம்கூட நின்றுபோனது. கடைசியில் கிராணி கயிற்றின் உச்சியிலிருந்து தாவ, முடிதிருத்துபவர் விலக, கிராணி நேராக மைக்காரர் மேல் விழுந்தார். அவர் முன்னாலிருந்த மேசை நொறுங்கியது. அடியிலிருந்து குரல் வந்தது:

"என் மேலதான் விழுந்தான்... ஆனா என்ன அழகா விழுந்தான் லா!"

கூடமே எழுந்து கைதட்டியது. அடுத்த வாரமும் அந்த இருவரே கடைசிப் பந்தயம், தொப்பி கிடையாது என்று முதலாளியே அறிவித்தார்.

விலாவைப் பிடித்துக்கொண்டிருந்த மைக்காரரை என் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி நெடுக அந்தத் தாவலையே வர்ணித்தார். வீட்டு வாசல் வந்தும் முடிக்கவில்லை. நான் வண்டியைத் திருப்பி, ஊரை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.