கடைசி வரிசையில் உட்காரப் போவது யார்?

அஞ்சுகிராமம்,
19-8-2013

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ரசலையனுக்கு,

அண்ணன் நேசையன் எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே நானும் உன் மதினி பூங்கனியும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதன் காரணம் கீழே வரும். போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் தோகாவில் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்தச் சீக்கு கிடையாது.

எட்டு வருஷம் கழித்துக் கிறிஸ்துமஸுக்கு வருகிறாய், வந்ததும் ஓட்டுவதற்கு மூன்று வரிசை சீட்டுள்ள சொகுசு வண்டி வேண்டும், மூன்று கம்பெனி வண்டிகளையும் பார்த்து எது தேவலை என்று சொல் என்றாய். முற்றத்தில் நின்றால் பார்க்கிறவன் கண் விரிய வேண்டும் என்பது உன் ஒரே நிபந்தனை. என் நிபந்தனை வேறு. முப்பத்தொரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். ஒரு வண்டியின் லட்சணம் கடைசி சீட்டில்தான் தெரியும். அதோடு, அப்பா தன் வாடகை அம்பாசிடரை விற்ற பிறகு, இந்த நாற்பது வருஷத்தில் நாம் எல்லாரும் ஒரே வண்டியில் ஆலயத்துக்குப் போனதே இல்லை. நீ வரும்போது அது நடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வண்டி பார்க்கச் சம்மதித்ததே அதற்காகத்தான்.

முதல் வண்டி நாகர்கோவிலில் பார்த்தோம், வெள்ளை நிறம். விற்கிற பெண் கூரையைத் திறந்து வானத்தைக் காட்டினாள், அஞ்சுகிராமத்தில் அது சும்மாவே கிடைக்கிறது என்றேன், பிறகு சீட்டுக்குச் சீட்டு டிவி காட்டினாள், சீட்டே முதுகைப் பிடித்துவிடும் என்றாள், நான் கடைசி வரிசையைக் காட்டச் சொன்னேன். அது சின்னப் பிள்ளைகளுக்கு அங்கிள் என்றாள். நான் கேட்பேனா? உள்ளே நுழைந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் என் முழங்கால் என் தாடைக்குக் கீழே இருப்பது தெரிந்தது. வெளியே வர முடியவில்லை. மெக்கானிக் இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள், கால் மட்டும் உள்ளே நின்றுவிட்டது. பூங்கனிக்கு அந்த வண்டியில் ஒரே குறைதான், சேலை கட்டிக்கொண்டு ஏற ஒரு முக்காலி வேண்டுமாம். நான் உள்ளே மாட்டியிருந்தது அவளுக்குக் குறையாகவே படவில்லை.

இரண்டாவது வண்டிக்குத் திருநெல்வேலி போனோம். கறுப்பு. தாராளமான இடம். ஆனால் நடு வரிசையில் இரண்டு தனி நாற்காலி, நடுவே வழி. கேப்டன் சீட்டாம். அப்படியானால் ஏழு பேர் வண்டி ஆறு பேர் வண்டியாகிவிட்டதே, நடுவில் உட்காருகிறவன் எங்கே போவான் என்று கேட்டேன். அங்கிருந்த தம்பி பொறுமையாக, "இப்ப வாங்குறவங்க யாரையும் இடிக்காம உக்காரத்தான் சார் இவ்வளவு குடுக்காங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அம்பாசிடரில் முன்னால் அப்பா, நடுவில் நீ, ஓரத்தில் பெரியண்ணன் ஜான்ரோஸ். பின்னால் அம்மா, பேபி சித்தி, தங்கச்சி ஞானசெல்வி, நான். அஞ்சு பேர் வண்டியில் ஏழு பேர். இடிக்காமல் எப்படி உட்காருவது? ஆரல்வாய்மொழி காற்றில் வண்டி ஆடும்போது எல்லாரும் சேர்ந்துதான் ஆடினோம். சித்தியின் பவுடர் மணம் திங்கட்கிழமை வரை என் சட்டையில் இருக்கும். அதையெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மதினிதான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கூட்டிவந்தாள்.

மூன்றாவது வண்டியைத் திருவனந்தபுரத்திலிருந்து நேற்று வீட்டுக்கே கொண்டுவந்தார்கள், ஓட்டிப் பார்க்க. காப்பிப்பொடி நிறம். கொண்டுவந்த ஷாஜன் மரியாதையான ஆள். ஞானசெல்வியும் வந்தாள். வாத்திச்சி ரிட்டையர் ஆனாலும் பிரம்பு போகவில்லை, நான் ஏறும்போதே முழங்காலைப் பார்த்து ஏறுங்க என்று அதட்டினாள். கடைசி வரிசையில் காலை நீட்டி உட்கார முடிந்தது. எனக்கிருந்த சந்தோஷத்தில் ஷாஜனுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தவன், ஆலய வாசலுக்குக் கொண்டுபோய்விட்டேன். நம் பக்கத்தில் புது வண்டி முதலில் எங்கே போகும் என்று உனக்குத் தெரியும். மாலை ஆராதனை முடிந்து வெளியே வந்த சபைப் போதகர் ஐயர், மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, வண்டியைப் பார்த்ததும் ஸ்தோத்திரம் என்று பானட்டில் கையை வைத்துவிட்டார். ஐயா, இது நம் வண்டியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், இதில் போகப் போகிறவர்கள் பெயரைச் சொல்லுங்கள், ஒவ்வொருவருக்காகவும் ஜெபிக்கலாம் என்றார். என் வாயில் தானாக வந்தது. அப்பா பெயர், அம்மா பெயர், ஜான்ரோஸ், பேபி, ஞானசெல்வி, ரசலையன், நேசையன்.

அவர் ஒருவரையும் விடவில்லை. அப்பாவின் ஓட்டுகிற கைக்குப் பெலன் கேட்டார். அம்மாவுக்கும் சித்திக்கும் நீண்ட ஆயுசு கேட்டார். பெரியண்ணனுக்கு விபத்தில்லாத வருஷங்கள் கேட்டார். ஜெபத்தின் நடுவில் எப்படித் திருத்துவது, நான் ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொன்னேன். ஞானசெல்வி என் விலாவில் இடித்து, "அண்ணே, என்ன காரியம் செய்திய? அதுல நாலு பேரு கல்லறைத் தோட்டத்துல இல்லியா கெடக்காவ" என்றாள். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் கன்னம் நனைந்திருந்தது. எனக்கும் அப்படித்தான். ஜெபம் முடிந்ததும் சபையார் வந்து கைகுலுக்கினார்கள், அவர்களில் நேசம்மாள், கேக் எப்போது வெட்டுவீர்கள் என்று கேட்டாள், ஷாஜன் வண்டி விற்றுவிட்டது என்று மேனேஜருக்குப் போன் போட்டுவிட்டான்.

ஆகவே என் தீர்ப்பு, மூன்றாவது வண்டிதான். மூன்று வரிசையும் மனுஷன் உட்கார உதவுகிற வண்டி அது ஒன்றே. ஜெபமும் ஆகிவிட்டது, இனி வேறு வண்டி எடுத்தால் ஐயர் முகத்தில் விழிக்க முடியாது. யோசிக்காமல் எடு.

பிரிஜாவுக்கும் பிள்ளைகள் டிஜோ, அஜிஷாவுக்கும் எங்கள் அன்பு முத்தங்கள். நீங்கள் போகிற வழியிலெல்லாம் ஆண்டவர் கூட இருக்க, காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
நேசையன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் ஞானசெல்வி வாங்கிப் படித்தாள். பிழை திருத்தப்போகிறாள் என்று நினைத்தேன். விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். டிஜோவுக்கும் அஜிஷாவுக்கும் இந்த வருஷமும் லீவு கிடைக்காது என்று போன வாரம் நீயே சொன்னாயாம். அப்படியானால் நீ, பிரிஜா, நான், பூங்கனி, ஞானசெல்வி. ஐந்து பேர். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு, ஐயரிடம் நான் பேசிக்கொள்கிறேன். மூன்று வரிசை வேண்டாம், சின்ன வண்டி ஒன்று போதும். பின்னால் மூன்று பேர் கொஞ்சம் இடித்துக்கொண்டு உட்காருகிறோம். வண்டி கிடைக்கத் தாமதமானால் அதற்காகக் காத்திருக்காதே, ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். ஐந்து பேரும் இருக்கும்போதே வந்து சேர்.