பாவியைக் காட்டும் முள்

கோம்பையில் அந்த வருஷம் மழைக்குப் பஞ்சம், சாமியாருக்குப் பஞ்சமில்லை. வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்த எட்டே நாளில் முள்ளுச்சாமியின் புகழ் ஆண்டிபட்டி வரைக்கும் போய்விட்டது. ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பழனிசெட்டிபட்டியிலிருந்து ஒரு குடும்பம் ஆட்டுக்குட்டியோடு வந்தது. திரும்பும்போது குட்டி மட்டும் கூடப் போகவில்லை.

சாமியாருக்கு முன்னால் ஒரு பித்தளைத் தட்டு. அதில் கண்ணாடி மூடிய பித்தளை டப்பா. விளிம்பு தெரியாமல் சந்தனம் அப்பியிருக்கும். உள்ளே ஒரு முள், சாவி கொடுக்காமலே ஆடும். ஊரில் ஒரு பாவி இருக்கிறவரை மழை இறங்காதாம். பாவி பக்கத்தில் உட்கார்ந்தால் முள் அவன் பக்கம் திரும்புமாம். தட்டில் இடுப்பு உரசுகிற மாதிரி ஒட்டி உட்கார வேண்டும் என்பது மட்டும் சாமியின் சட்டம்.

ஊர்க் கண்மாயில் பாதியை உழுது சாப்பிடுகிற பண்ணையார் மொக்கைச்சாமி பட்டுத்துண்டோடு வந்து உட்கார்ந்தார். முள் அசையவில்லை. எவ்வளவு சுத்தமான மனிதர்! சோளத்தட்டை அறுக்கிற அக்கம்மாள் உட்கார்ந்தாள். திரும்பியது. புல்லறுக்கிற மாயக்காள் உட்கார்ந்தாள். சுழன்றே விட்டது. விடிந்தால் காடு, அடைந்தால் அடுப்பு என்று கிடக்கிறவளுக்குப் பாவம் செய்ய நேரம் ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. இருவரும் ஆளுக்கொரு கோழி கொடுத்துத் தப்பித்தார்கள்.

பஞ்சம்மாளால் கோழியோடு தப்ப முடியவில்லை. அவள் புருஷனை இழந்தவள். ஊர்க் கிணறெல்லாம் வற்றியும் அவள் தோட்டத்துக் கிணற்றில் மட்டும் தண்ணீர் கிடந்தது. சாமியார் அவளுக்கென்று தனியாக ஆள் அனுப்பினார். குளிக்க வேண்டாம், சேலை மாற்ற வேண்டாம், காட்டிலிருந்து அப்படியே வரவேண்டும் என்று உத்தரவு. வந்து உட்கார்ந்தாள். முள் அவளைப் பார்த்துத் திரும்பி நின்றது.

"ஆத்தா, இவதான் மழையைக் கட்டி வச்சிருக்கா!" சாமியார் கத்தினார். "தோட்டத்தை நான் கட்டப்போற மடத்துக்கு எழுதி வையி. இல்லேன்னா ஊரை விட்டுப் போயிரு!"

"சாமியே சொல்லிட்டாக. எழுதிக் குடு!" என்றது கூட்டம்.

"அதை விட்டா எனக்கும் மாட்டுக்கும் ஏது சாமி கஞ்சி?" பஞ்சம்மாள் அழுதாள். அங்கே நின்ற அத்தனை பேரும் அவள் கிணற்றில் குடித்தவர்கள்.

அந்த நேரத்தில்தான் அவள் தம்பி சுருளிவேல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். பெரியாற்று அணை ஏரியில் மோட்டார் படகு ஓட்டுகிறவன். டப்பாவைப் பார்த்தான். சாமியாரின் தாடியைப் பார்த்தான். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினான்.

"இது எங்க படகுல திசை பாக்குற காம்பஸாச்சே! ஏலே பிச்சைமணி, படகுல சோறு பொங்குனவன்தான நீ?"

சாமியார் கண்ணை மூடினார். "அது பூர்வ ஜென்மம்."

"ஆறு மாசத்துக்கு முந்தி என்னடா பூர்வ ஜென்மம்?" சுருளிவேல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "மூடுபனிய்யா. கரை தெரியல. காம்பஸைப் பாத்துப் படகை விட்டேன். ஒரே பட்ட மரத்தை மூணு தடவை சுத்துறோம். மோகினி சுத்த விடுதுன்னு இவன் அலறுறான். நான் காம்பஸ் பக்கத்துல என்ன இருக்குன்னு பாத்தேன். இவன் வச்ச இரும்புத் தோசைக்கல்லு! அதைத் தூக்குனேன், முள்ளு வடக்க பாத்து நின்னுச்சு. கரை சேந்துட்டோம். மறுவாரம் காம்பஸையும் காணோம், இவனையும் காணோம்."

பிறகு அக்காளிடம் சொன்னான்: "இடுப்புல சொருகியிருக்க பண்ணருவாளை எடுத்துத் தள்ளி அங்கன வை. இப்ப இங்கன உக்காரு."

உட்கார்ந்தாள். முள் வடக்கே பார்த்து நின்றது. எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். அசையவில்லை.

சுருளிவேல் அந்த அரிவாளைப் பண்ணையார் இடுப்பில் சொருகி உட்கார வைத்தான். முள் பண்ணையாரிடம் போனது.

"ஐயையோ, கண்மாய் விஷயம் சாமிக்குத் தெரிஞ்சிருச்சா?" என்று உளறினார் பண்ணையார்.

அரிவாளைச் சாமியார் மடியில் வைத்தான். முள் சாமியாரிடம் போனது. சாமியார் வேலிப் பக்கம் போகப் பார்த்தார். பிடித்துவிட்டார்கள். கோழிகள் திரும்பக் கிடைத்தன. ஆட்டுக்குட்டி கிடைக்கவில்லை; அது ஏற்கனவே சாமியாரோடு ஐக்கியமாகிவிட்டது.

இதோடு கதை முடிந்திருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். கூட்டத்தில் ஒருவர், "அப்ப அருவாளுக்குத்தான்யா சக்தி! முள்ளையே திருப்புதுல்ல!" என்று அதற்குக் குங்குமம் வைத்தார். மூன்று பேர் விழுந்து கும்பிட்டார்கள். நாலாவது ஆளாகப் பண்ணையார் விழுந்தார்.

பஞ்சம்மாள் அரிவாளைப் பிடுங்கி, குங்குமத்தை முந்தானையில் துடைத்தாள். "எந்திரிங்கய்யா. மாடு பட்டினி கெடக்கு. புல்லறுக்கணும்."

திசைகாட்டி தடுமாறினால், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று படகோட்டி பார்க்கிறான். நம் புத்தி தடுமாறும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நாமும் ஒரு தடவை பார்த்தால் என்ன?