வெள்ளை அணுவும் ஊதா நாக்கும்

பயந்த மனுஷனுக்கு ஒன்று, இரண்டு எண்ணவே வராது. என்னைப் போய் ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணச் சொன்னார்கள்.

வலங்கைமானில் ஒரு டாக்டரிடம் லேப் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஊரெல்லாம் ஃப்ளூ காய்ச்சல். போதாததற்குக் கூலித் தகராறில் அறுவடை நின்றுபோய், ஆற்றுப் பாலத்தில் விவசாயத் தொழிலாளர்கள் மறியல். முன்வரிசையில் என் பெரியப்பா. (எங்கள் குடும்பத்தில் வயலுக்குப் போகாமல் வேலைக்குப் போன முதல் ஆள் நான்.)

அன்று காலை, அந்த வயல்களுக்குச் சொந்தக்காரரான மிராசுதாரைக் கடும் காய்ச்சலோடு காரில் கொண்டுவந்தார்கள். கூடவே அவர் தங்கை மகன், கம்போடு நாலு பேர்.

"தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். பாலத்துல எவன் நின்னாலும் காரை ஏத்திட்டுப் போயிடுவோம்," என்றார் தங்கை மகன்.

முன்வரிசையில் நிற்பது என் பெரியப்பா!

டாக்டர் மிராசுதாரின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். "நிமோனியான்னா போய்த்தான் ஆகணும். அதுல பெரும்பாலும் வெள்ளை அணு ஏறியிருக்கும். வெறும் ஃப்ளூன்னா அவ்வளவா ஏறாது, குறையக்கூடச் செய்யும். அதை மட்டும் வச்சுச் சொல்லிட முடியாது, மத்ததோட சேர்த்துப் பார்ப்போம். தம்பி, எண்ணிட்டு வா."

எண்ணினேன். குறைவு. மறுபடி எண்ணினேன். அப்போதும் குறைவு. போய்ச் சொன்னேன்.

"இவன் பெரியப்பன் பாலத்துல நிக்கிறான். மாமாவை இங்கேயே போட்டுக் கொல்லப் பாக்குறான்! என் கண்ணு முன்னால திரும்ப எடுடா!" என்று பாய்ந்தார் தங்கை மகன்.

மிராசுதார் விரலில் குத்தினேன். ("அம்மா!" என்று கத்தியது நான்தான்.) அந்தக் காலத்தில் கண்ணாடிப் பிப்பெட்டில் மாட்டிய ரப்பர் குழாயை வாயில் வைத்து, முதலில் ரத்தத்தையும் பிறகு அணுக்களுக்குச் சாயமேற்றும் ஊதா மருந்தையும் மெதுவாக உறிஞ்ச வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பு 'டொக்'கென்று தரையில் இடித்தது. பயத்தில் ஒரே இழுப்பு. எல்லாம் என் வாய்க்குள்!

திரும்பினேன். பல், நாக்கு, உதடெல்லாம் நாவல்பழம் தின்றவன் மாதிரி.

"ஐயோ, ரத்தத்துல விஷம்!" என்று கத்திக்கொண்டு முதலில் ஓடியது கம்புக்காரர்கள்தான். நானும் அதை நம்பிவிட்டேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மாகிட்ட சொல்லிடுங்க சார்..." என்று அழுதேன்.

முனகிக்கொண்டிருந்த மிராசுதார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "டாக்டர், என்னை அப்புறம் பாருங்க. மொதல்ல இந்தப் பையனைக் காப்பாத்துங்க!"

டாக்டர் என்னை வாய் கொப்பளிக்க வைத்துவிட்டு, தானே ரத்தம் எடுத்து எண்ணினார். குறைவுதான். நெஞ்சிலும் சளிச் சத்தமில்லை. "ஃப்ளூதான். கார் எங்கேயும் போக வேண்டாம்," என்றார். பாலத்தில் நின்ற ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. மிராசுதார் தேறி எழுந்தார். அதே காய்ச்சலில் அவர் தங்கை மகன் படுத்தார். அடுத்து நான்.

காய்ச்சலில் கிடந்த என்னைப் பார்க்க வந்த பெரியப்பா, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "உழைக்கிறவன் ரத்தத்தை மிராசுதார் உறிஞ்சுறார்னு மேடை மேடையாப் பேசினோம். திருப்பி உறிஞ்சுனது எங்க பய ஒருத்தன்தான்!"

இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில், புதுச் சம்பந்திகளிடம் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்துவைக்கிறார்கள்.