தம்பியின் ஆக்கள் உள்ளே போன வருடம்

ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழர்களில் அதிகம் தோற்ற மனிதர் யார் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: பிளேஓஃப் அண்ணை. அத்தனையும் அவருடைய சொந்தத் தோல்விகள் அல்ல. அமெரிக்காவில் ஓர் ஏரிக்கரை நகரத்தில், தலையில் சட்டியைக் கவிழ்த்ததுபோல் கவசம் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் முட்டித் தள்ளும் ஐம்பது தடியன்களுடைய தோல்விகள். அவர்களில் ஒருவரையாவது அண்ணை நேரில் கண்டதில்லை. ஆனால் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை தோற்றால், திங்கட்கிழமை எங்கள் சமையலறை செத்தவீடு.

நாங்கள் இருவரும் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. நான் மரக்கறி வெட்டுகிறவள். அவர் கோப்பை கழுவும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர். எனக்கோ பொறுமை என்ற சாமான் பிறவியிலேயே தரப்படவில்லை. அவருக்கோ காலை ஏழு மணிக்கு வாயைத் திறந்தால் மத்தியானம்வரை மூடத் தெரியாது. எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில், கத்தியும் கையுமாக, இத்தனை வருடம் விட்டுவைத்த ஜெர்மன் தலைவி உண்மையிலேயே துணிந்த பெண்மணிதான்.

அமெரிக்கக் கால்பந்தை அவர் எனக்கு விளங்கப்படுத்திய விதத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "பிள்ளை, வெளிநாட்டவர் அலுவலகத்தில அன்ராக் எண்டு விண்ணப்பம் போடுறமெல்லோ, அதுதான். நாலு தரம் போடலாம். நாலு தரத்துக்குள்ள பத்து யார் தூரம் நகரோணும். நகர்ந்தா இன்னும் நாலு தரம் தருவினம். நகரேல்லையோ, ஃபைல் மற்றவன்ர கைக்குப் போயிடும்." இதைவிடத் தெளிவாக ஒருவரும் அகதி வாழ்க்கையைச் சொன்னதில்லை. விளையாட்டுத்தான் எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அந்த அணிக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. நாங்கள் அதோடு மினக்கெடவில்லை. அண்ணையின் ஒரே தம்பி அந்த ஏரிக்கரை நகரத்தில் இருந்ததால், சமையலறையில் அவர்கள் "தம்பியின் ஆக்கள்". பருவம் புரட்டாதியில் தொடங்கித் தை பிறக்கும்வரை போகும். நன்றாக விளையாடிய அணிகள் மட்டும் அதன் பிறகு பிளேஓஃபுக்குள் போகும். மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தம்பியின் ஆக்கள் வருடா வருடம் ஒழுங்காக வீட்டுக்குப் போனார்கள்.

ஆனால் அண்ணை ஒருநாளும் அவர்களில் குற்றம் கண்டதில்லை. திங்கட்கிழமைக் காலை மதிப்பாய்வில் காற்றுக்குக் குற்றம் இருக்கும், புல்லுக்கு இருக்கும், நடுவருடைய குடும்ப வாழ்க்கைக்கு இருக்கும். எறிகிறவன் பந்தை எதிரியின் கையில் எறிந்தானா? வெயில் கண்ணில் குத்தியிருக்கும். உள்ளரங்கில்தானே ஆட்டம் நடந்தது என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு விடுமுறை மாதிரி இருந்தது.

மார்கழிக் கடைசியில் வரும் பெரிய மதிப்பாய்வுதான் பெருங்கொடுமை. யார் யாரை வென்றால், யார் யாரிடம் தோற்றால், யாருக்கும் யாருக்கும் சமநிலை வந்தால் தம்பியின் ஆக்கள் உள்ளே போகலாம் என்று அம்புக்குறி போட்டு எழுதுவார். ஒரு வருடம், இடம் போதாமல், தலைவி பலகையில் எழுதி வைத்திருந்த சாப்பாட்டுப் பட்டியலை அழித்துவிட்டு எழுதினார். என்ன சமைப்பதென்று தெரியாமல் மூன்று நாள் எல்லோருக்கும் உருளைக்கிழங்கு சூப். இரண்டாம் மாடியில், மறதி நோய் உள்ள ஒரு ஜெர்மன் மூதாட்டிக்கும் அவர் சாப்பாட்டுத் தட்டோடு மதிப்பாய்வையும் கொண்டுபோவார். மூதாட்டி அதே தோல்வியை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டு, புதிதாகக் கவலைப்படுவார். அண்ணைக்குக் கிடைத்த ஒரே நல்ல ரசிகை.

இதையெல்லாம் அவர் விளையாட்டுப் பைத்தியத்தால் செய்யவில்லை. தம்பி அவரோடு பேசுவதில்லை. ஏன் என்று கேட்டால் கோப்பையைப் பலமாகக் கழுவுவார். தம்பி அந்த அணிக்காக உயிரை விடுகிறவர் என்று யாரோ உறவினர் சொல்லக் கேட்டு, சொல்வதற்கு ஏதாவது வேண்டுமே என்று இவர் அந்த விளையாட்டைப் படித்தார். ஒவ்வொரு கிழமையும், ரெயின் மேடையில் நின்றபடி, பதினொரு நிமிடக் குரல் பதிவு அனுப்புவார். "தம்பி, அண்ணை பேசுறன். இந்தக் கிழமை..." என்று தொடங்கும். "சரி, அவ்வளவுதான்" என்று முடியும். இடையில் சுகமா என்ற கேள்விகூட இருக்காது. கொஞ்ச நேரத்தில் திரையில் இரண்டு நீலச் சரி அடையாளங்கள் விழும். தம்பி கேட்டுவிட்டார் என்று அர்த்தம். பதில் ஒன்றும் வராது.

"பிளேஓஃப் வரட்டும், அவன் ரெலிபோன் எடுப்பான்" என்பார். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். அவருக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததாக எனக்குத் தெரியாது. கலியாணம் கட்டவில்லை, தாயோடு இருந்தார், தாய் போன பிறகு தனியே இருந்தார்.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. ரெர்மின் என்றால், அதாவது அலுவலகமோ வைத்தியரோ குறித்துத் தரும் நாளும் நேரமும் என்றால், அண்ணைக்குச் சாமி. பல் வைத்தியரிடம் போவதற்கு முதல்நாளே ரெயின் ஏறிப் போய், கதவைத் தொட்டுவிட்டு வருவார். அகதி முகாமில் இருந்த காலத்தில் ஒரு ரெர்மினுக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனதால் ஒரு வருடம் காத்திருக்க வைத்தார்களாம். அதற்குப் பிறகு முடி வெட்டுகிற இடத்தில்கூட நேரத்தை மாற்றிக் கேட்டதில்லை.

போன குளிர்காலம் யாரும் எதிர்பாராதது நடந்தது. தம்பியின் ஆக்கள் முதல் மூன்று ஆட்டமும் தோற்றார்கள். எறிகிறவனுடைய பெருவிரல் முறிந்தது. அவனுக்குப் பதிலாக வந்தவன், அண்ணையின் மொழியில் சொன்னால், "ஆரெண்டே தெரியாத பெடியன்", அடுத்தடுத்து வென்று தள்ளினான். மார்கழி முடியும்போது பலகையில் ஒரே ஒரு அம்புக்குறிதான் மிச்சம்: கடைசி ஆட்டத்தை வென்றால் உள்ளே. இரண்டாம் மாடி மூதாட்டி தினமும் வாழ்த்துச் சொன்னார். தலைவிகூடத் திங்கட்கிழமைகளில் வந்தவுடன் என்ன முடிவு என்று கேட்கத் தொடங்கினாள்.

கடைசி ஞாயிறு, இரண்டு புள்ளி பின்னால் நிற்கும்போது, மூன்று புள்ளிக்கு உதைத்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது. தம்பியின் ஆக்கள் பிளேஓஃபுக்குள். மறுநாள் அண்ணை எல்லோருக்கும் ரோல்ஸ் செய்து கொண்டுவந்தார். தம்பிதான் இன்னும் தொலைபேசி எடுக்கவில்லை. முதல் ஆட்டம் முடிய எடுப்பான் என்றார்.

அந்த முதல் ஆட்டம் அடுத்த ஞாயிறு. அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை அவருக்கு இருதய வால்வு சத்திரசிகிச்சை. மாதக்கணக்காக அவரிடம் இருந்த ரெர்மின்.

"ஞாயிறு மயங்கிக் கிடந்தா ஆர் தம்பிக்குச் சொல்லுறது?" என்று முகம் வாடி நின்றார்.

நாலு நாள் தள்ளலாமோ என்று எடுத்துக் கேளுங்கோ என்றேன். ஏலாது என்றார். ஜெர்மன்காரன் குறித்தால் குறித்ததுதானாம். எனக்கு வந்த கோபத்துக்கு, நானே வைத்தியசாலை இலக்கத்தை அழுத்தித் தொலைபேசியை அவர் கையில் திணித்தேன். மறுமுனையில் ஒரு பெண். அண்ணை தடுமாறி, மன்னிப்புக் கேட்டு, வியர்த்து ஒருவழியாகச் சொல்லி முடித்தார். அவள் வைத்தியரைக் கேட்டுவிட்டு வந்து, ஒரு பிரச்சினையும் இல்லை, செவ்வாய்க்கிழமை காலை வரட்டும் என்றாள். முழுவதும் இரண்டு நிமிடம்.

நான் கெட்டித்தனமாகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தொலைபேசியைப் பிடித்தபடி உருளைக்கிழங்கு மூட்டையில் இருந்துவிட்டார்.

"இவ்வளவுதானோ பிள்ளை? கேட்டா மாத்தித் தருவினமோ?"

பிறகுதான் கதை வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் தாய் இங்கே ஹம்மில் இறந்தார். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். இங்கே கொள்ளி என்றால் எரியூட்டும் நிலையத்தில் பொத்தானை அமத்துவது. தம்பி புறப்பட்டுவிட்டார். ஆனால் அங்கே பனி கொட்டி விமானம் ஒருநாள் பிந்திவிட்டது. ஒரு நாள் தள்ளி வை அண்ணை என்று விமான நிலையத்திலிருந்து கெஞ்சியிருக்கிறார். இவர் ஏலாதாம் என்று சொல்லிவிட்டார். குறித்த நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னதாகவே போய், பொத்தானை இவரே அமத்தினார். அன்று பின்னேரம் தம்பி பெட்டியோடு வாசலில் நின்று, ஆர் அமத்தினது என்று மட்டும் கேட்டாராம். அடுத்தநாள் காலை போய்விட்டார்.

"அந்த நிலையத்து ஆக்கள் ஏலாதெண்டு சொல்லேல்லைப் பிள்ளை. நான் கேக்கவே இல்லை" என்றார்.

போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். தலைவி எட்டிப் பார்த்துவிட்டு, இயந்திரத்தைத் தானே இயக்கினாள்.

அன்றைக்கு அவர் ரெயின் மேடைக்குப் போகவில்லை. சமையலறையிலேயே பதிவு செய்தார். "தம்பி, அண்ணை பேசுறன். இண்டைக்குப் பந்தில்லை. அண்டைக்கு நான் ஒருத்தரையும் கேக்கேல்லையடா. பயத்தில கேக்கேல்லை. கேட்டிருந்தா மாத்தித் தந்திருப்பினம். அம்மாவுக்கு நீதான் செய்திருக்கோணும்." பிறகு செவ்வாய் சத்திரசிகிச்சை என்று சொல்லி, சரி, அவ்வளவுதான் என்று முடித்தார். பத்து நிமிடத்தில் நீலம் விழுந்தது. வெள்ளி போனது, சனி போனது, ஒரு சத்தமும் இல்லை.

ஞாயிறு பின்னேரம் ஏழு மணிக்கு நான் அவர் வீட்டில் ஆட்டம் பார்த்தேன். பாவம், தம்பியின் ஆக்கள் தோற்றார்கள். கடைசியில், நாலாம் தரத்தில் ஒரேயொரு யார் தூரம் மிச்சம் இருக்க, முன்னுக்குப் போய்ப் பார்க்காமல் மூன்று புள்ளிக்கு உதைத்தார்கள். அந்த உதையும் தவறியது. அண்ணை தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, காற்று என்றார். மதிப்பாய்வு அனுப்பவில்லை. இனி என்ன சொல்லி எடுக்கிறது என்று என்னைக் கேட்டார்.

செவ்வாய் காலை அவரை உள்ளே கொண்டுபோகும்போது தன் தொலைபேசியை என்னிடம் தந்தார். வேறு ஆரும் இல்லாததால் வைத்தியசாலைப் படிவத்திலும் என் பெயரைத்தான் எழுதியிருந்தார். மத்தியானம் அது அதிர்ந்தது. தம்பியின் குரல் பதிவு. பதினைந்து நிமிடம். கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கேட்டேன்.

ஒரு சொல் தாயைப் பற்றி இல்லை. முழுக்கப் பயிற்சியாளருக்குத் திட்டு. ஒரு யார் மிச்சம் இருக்க எந்த மடையன் உதைப்பான் என்று யாழ்ப்பாணத் தமிழில் கிழித்துத் தொங்கப் போட்டிருந்தார். கடைசியில் மட்டும் குரல் இறங்கியது. "எழும்பினதும் எடு அண்ணை. நான் கதைப்பன்."

அண்ணை எழும்பவில்லை. தீவிர சிகிச்சை அறையில் தாதியிடம் கேட்டு, தொலைபேசியை அவர் காதருகே வைத்து அந்தப் பதிவை இரண்டு தரம் போட்டேன். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அவர் கேட்டாரோ இல்லையோ, கடவுளுக்குத்தான் தெரியும். அந்த நாலு நாள் தள்ளியதாலா என்று வைத்தியரை மறித்துக் கேட்டேன். இல்லை, வெள்ளிக்கிழமை செய்திருந்தாலும் இதே ஆபத்துத்தான் என்றார். அதை நம்பத்தான் பார்க்கிறேன். சில நாட்களில் நம்ப முடிகிறது, சில நாட்களில் இலக்கத்தை அழுத்திய இந்த விரலை வெறுக்கிறேன்.

வியாழன் விடியப் போய்விட்டார். நான்தான் தம்பிக்கு எடுத்தேன். நீங்கள் வாங்கோ, வந்த பிறகுதான் நாள் குறிப்பம் என்றேன்.

"அண்ணை என்ர பதிவைக் கேட்டவரோ?"

"ஓம். கேட்டவர்."

"என்ன சொன்னவர்?"

நான் முகத்துக்கு நேரே உள்ளதைச் சொல்லி ஊரெல்லாம் பகை தேடியவள். அன்றைக்கு நாக்குத் தானாகப் புரண்டது.

"தம்பிக்கு ஒண்டும் தெரியாது, அந்த இடத்தில உதைக்கத்தான் வேணும் எண்டவர்."

அழுகையும் சிரிப்பும் கலந்து ஒரு சத்தம் கேட்டது. "அவருக்கு உந்த விளையாட்டுக் கடைசிவரை விளங்கேல்லை அக்கா" என்றார். பிறகு, ஏன் உதைத்திருக்கக் கூடாது என்று முதலாம் தரத்திலிருந்து எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். இடையிடையே நின்றார், திரும்பவும் தொடங்கினார். எனக்கு ஒரு எழுத்து விளங்கவில்லை. ஆனாலும் தொலைபேசியை வைக்க மனம் வரவில்லை. அச்சொட்டாக அண்ணையின் குரல்.