மேற்கே போனால் வரும் பள்ளிக்கூடம்

பேசக் கூச்சப்படுகிறவனுக்கு மாவு மில்லைப் போல ஏற்ற தொழில் வேறு கிடையாது. மெஷின் ஓடும்போது யார் என்ன சொன்னாலும் காதில் விழாது. வருகிறவர்கள் கையைக் காட்டுவார்கள், நான் தலையை ஆட்டுவேன், மாவு விழும். இப்படியே வாழ்க்கையை ஓட்டிவிட்டேன். (பெண் பார்க்க வந்த அன்றைக்கும் நான் மில் ஓடுகிற மாதிரியே உட்கார்ந்திருந்ததாக என் மனைவி இன்றும் சொல்வாள்.)

அப்படிப்பட்ட என்னை நம்பி எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் ஒரு வேலை கொடுத்தது. சங்கம் செய்த ஒரே தப்பு அது.

சங்கம் வருஷத்துக்கு மூன்று காரியம் செய்யும். பள்ளி திறக்கும்போது பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். கார்த்திகை தீபத்துக்கு வருகிறவர்களுக்குச் சுண்டல். கோடை லீவில் ஆண்டு விழா. விழாவில் தொப்பை போட்ட பழைய மாணவர்கள் நாற்காலியைச் சுற்றி ஓடி, பாட்டு நின்றதும் ஒருவர் மடியில் ஒருவர் உட்காருவார்கள். முடிவில் பழைய வாத்தியார் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். பத்தாவது முடித்தவர்கள்தான் சேரலாம் என்று சங்கத்தில் விதி எதுவும் இல்லை. அந்த விதியை எனக்கு நானே போட்டுக்கொண்டிருந்தேன். விழாவுக்குப் போவேன், பெஞ்சு தூக்குவேன், பாயசம் ஊற்றுவேன், மேடை எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் நிற்பேன்.

செல்போன் எல்லாம் எங்கள் ஊரை எட்டிப் பார்க்காத தொண்ணூறுகளில் ஒரு வருஷம். செயலாளர் ஏகாம்பரம் மில்லுக்கே வந்துவிட்டார். பேங்கில் வேலை, குரல் மெஷினையே அடக்கும்.

"அண்ணாமலை! இந்த வருஷம் உங்க தாண்டவராய வாத்தியாருக்குத்தான் பொன்னாடை. அவருகிட்ட அஞ்சாவது படிச்சவங்கள்ல ஊர்ல கீறது நீ ஒருத்தன்தான், எனக்குத் தெரிஞ்சு. நீயே போய் கூட்டிணு வந்துடு. நாலு மணிக்கு மேடையில இருக்கணும். அப்படியே அவரைப் பத்தி மைக்ல ரெண்டு வார்த்தை பேசிடு."

அந்தக் கடைசி வார்த்தைகளைக் கேட்டதும் என் கை தானாக மெஷின் சுவிட்சுக்குப் போனது. ஆனாலும் மறுக்கவில்லை. அதுவரை பொன்னாடை எல்லாம் பெரிய வகுப்பு வாத்தியார்களுக்கே போய்க்கொண்டிருந்தது. எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தவரை யாரும் நினைத்ததில்லை. முதல் தடவையாக நினைத்திருக்கிறார்கள். இதில் நான் சொதப்பினால் ஐந்தாம் வகுப்புக்கே அவமானம்.

விழா ஞாயிற்றுக்கிழமை. ஏகாம்பரம் காலண்டரில் சிவப்பு எழுத்தைப் பார்த்தவர், பக்கத்தில் இருந்த வெள்ளை வட்டத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பௌர்ணமி. திருவண்ணாமலையில் பௌர்ணமி அன்று விழா வைப்பதும், ரயில் வரும்போது தண்டவாளத்தில் பாய் விரிப்பதும் ஒன்றுதான்.

மதியமே செங்கம் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். சைக்கிளைத் தெரிந்த கடையில் போட்டுவிட்டு, கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக ஆசிரமத்தைத் தாண்டி வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கஞ்சி போட்ட வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் குடை. காலையிலிருந்து அப்படியே தயாராக இருந்தாராம்.

"யாருடா? அண்ணாமலையா? எந்த அண்ணாமலை?" என்றார். (நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு அண்ணாமலை தலையில்தான் விழும்.)

"மாவு மில்லு சார். வண்டி வராது சார். நடந்துதான்..."

"நடப்போம். அதுக்கின்னா?"

வாசலில் இறங்கி மலையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு விறுவிறுவென்று மேற்கே நடக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் இருப்பது கிழக்கே.

பின்னாலேயே ஓடினேன். "சார், ஸ்கூலு அந்தப் பக்கம்."

அவர் நின்று, கரும்பலகையில் தப்பாகக் கணக்குப் போட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "பௌர்ணமி அன்னைக்கு, இவ்ளோ ஜனம் வலமா வரும்போது, என்னை மட்டும் எதிர்ல இடமா போகச் சொல்றியா?"

"இல்ல சார். நாலு மணிக்கு..."

"உலகம் எப்படிடா இருக்கு?"

"உருண்டை சார்." அந்த வயதிலும் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்.

"அப்போ மேற்கால போய்ட்டே இருந்தா?"

"கிழக்கால வரும் சார்."

"அஞ்சாவதுல நடத்தினேன் இல்ல? நட."

உலகம் உருண்டைதான். மலையும் உருண்டைதான். ஆனால் மலையைச் சுற்றிப் பள்ளிக்கூடம் போக எத்தனை மைல் என்று அவர் ஐந்தாவதில் நடத்தவில்லை. நேராகப் போனால் அரை மணி நேரத்தில் போகவேண்டிய இடத்துக்கு, ஒரு மலையின் முதுகைப் பார்க்கப் புறப்பட்டோம்.

ஒவ்வொரு லிங்கத்திடமும் நின்றார். ஒவ்வொரு மோர்ப் பந்தலிலும் மோர் குடித்தார். வாய் திறந்து சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, மனதுக்குள் ஒத்திகை பார்த்து, மலையின் பின்பக்கத்து அடி அண்ணாமலை அருகே ஒருவழியாகத் திறந்தேன்.

"சார், நாலு மணி..."

"ஆமாண்டா, நாலு ஆயிடுச்சு. டீ குடிக்கலாம், வா."

டீக்கடைக்காரர் வாத்தியாரைக் கண்டதும் அடுப்பை விட்டு ஓடி வந்து காலில் விழுந்தார். அவரும் ஐந்தாவதோடு நின்றவராம்.

"ஏண்டா, ஸ்கூல் விழாவுக்கு நீ வரல?"

"அது படிச்சவங்க விழா சார்."

"அஞ்சு வருஷம் அப்ப நீ அங்க இன்னா மாடு மேய்ச்சியா? கடையைத் தம்பிகிட்ட குடு. வா எங்கூட."

அதன்பிறகு வழியெல்லாம் இதே கதை. கற்பூரம் விற்றவர், செருப்புக்குக் காவல் இருந்தவர், தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தவர் என்று வாத்தியார் ஒவ்வொருவராகக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டார். ஊரில் நான் ஒருவன்தான் மிச்சம் என்று நம்பிய ஏகாம்பரம் இதைப் பார்த்திருக்க வேண்டும். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர் மட்டும் வரமுடியாமல், விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் சேரச்சேர வாத்தியாருக்கு நடையில் வேகம் ஜாஸ்தி ஆனது. எனக்குக் கால் வீங்கியது.

அதே நேரத்தில் பள்ளிக்கூடத்தில் நடந்ததை ஏகாம்பரம் பிறகு எனக்குச் சொன்னார். சொல்லும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் சில விவரங்கள் விட்டுப்போயிருக்கலாம்.

ஆறு மணி வரை பார்த்தார்கள். போட்டோக்காரருக்குக் கல்யாண ரிசப்ஷன் இருந்தது. அவர் கேமராவை மூட ஆரம்பித்தார். படமாவது மிஞ்சட்டும் என்று, வாத்தியாருக்காகப் போட்டிருந்த நாற்காலிக்கே பொன்னாடையைப் போர்த்தி, மாலையையும் சாத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். முன்னால் குத்துவிளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது.

அப்போது பார்த்து தனசேகர் வந்தார். சென்னையில் பெரிய அதிகாரியாக இருக்கும் பழைய மாணவர். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் வியர்த்து வழிய நடந்து வந்தவர் கண்ணில் முதலில் பட்டது மாலை போட்ட காலி நாற்காலி. செருப்பைக் கழற்றினார். நேராக மைக்குக்குப் போனார். "இனி இப்படி ஒரு ஆசானை எங்கே காண்போம்!" என்று விசும்பினார்.

மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கூப்பிடப் போன மாவு மில்காரன் இன்னும் திரும்பவில்லை. இவரோ இவ்வளவு உறுதியாக அழுகிறார். சென்னைக்கே சேதி போய்விட்டது என்றால், உள்ளூரில் இருக்கும் நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது! ஏகாம்பரம் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். எல்லோரும் எழுந்து இரண்டு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தவேண்டும் என்று தனசேகர் கேட்டுக்கொண்டார்.

சரியாக அந்த நேரத்தில்தான் நாங்கள் கிழக்கு வாசல் வழியாக உள்ளே நுழைந்தோம். மேற்கே போனால் கிழக்கே வரும் என்பது சத்தியமாக உண்மை.

பந்தல் முழுக்க ஜனம் தலை குனிந்து நிற்கிறது. ஒரு சத்தம் இல்லை. வாத்தியார் நடுவழியில் நின்று எல்லோரையும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பரவாயில்லையே! ரிட்டயர் ஆகி இத்தினி வருஷமாச்சு. இன்னமும் வாத்தியார் வந்தா எழுந்து நிக்கறீங்க. உட்காருங்க, உட்காருங்க."

முன்வரிசையில் ஒரு அம்மா வீறிட்டார். தனசேகர் திரும்பிப் பார்த்தார், கால் பின்னியது, பொத்தென்று அந்த மாலை போட்ட நாற்காலியிலேயே விழுந்தார்.

வாத்தியார் மேடையேறி அவர் தோளைத் தட்டினார். "எழுந்திருப்பா. அது எனக்குப் போட்டதுனு நெனைக்கிறேன்."

ஏகாம்பரம் என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"மேற்கால."

"ஸ்கூலு கிழக்காலடா!"

"உலகம் உருண்டை சார்," என்றேன். அந்த விழாவில் நான் பேசியது அவ்வளவுதான். மைக்கில் பேசச்சொல்லி நல்லவேளையாக யாரும் கூப்பிடவில்லை.

அன்று பாயசம் பற்றவில்லை. எங்களோடு வந்தவர்கள் பந்தலின் பின்பக்கம் பதுங்கப் பார்க்க, வாத்தியார் அத்தனை பேரையும் முன்வரிசைக்கு இழுத்து உட்காரவைத்தார். அடுத்த வருஷத்திலிருந்து அவர்கள் வராமல் விழா நடந்ததில்லை. காலண்டரில் வட்டத்தைப் பார்க்காமல் தேதி வைத்ததும் இல்லை.

விஷயம் தெரிந்ததும் வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். காலி நாற்காலிப் படத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "இந்தப் படத்துல நான் எங்க இருக்கேன், சொல்லு?" என்று கேட்பார். "மலைக்குப் பின்னால" என்பதுதான் சரியான விடை.

சில வருஷம் கழித்து வாத்தியார் நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டோம். மௌன அஞ்சலிக்கு எழுந்து நின்றோம். இரண்டு நிமிஷம் முடிந்தது. யாரும் உட்காரவில்லை. வாசலைப் பார்த்தபடி எல்லோரும் நின்றுகொண்டே இருந்தோம். கடைசியில் ஏகாம்பரம் மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"உட்காருங்க," என்றேன்.

மைக்கில் நான் பேசிய ஒரே பேச்சு அதுதான். நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

என் மனைவி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. மாறாக, என் இரண்டு பெண்களுக்கும் நல்ல பழக்கம் ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டாள். மில்லைப் பூட்டிவிட்டு நான் கொஞ்சம் தாமதமாக வீட்டுக்குள் நுழைந்தால், என் நாற்காலிமேல் ஒரு துண்டு போர்த்தியிருக்கும். மூன்று பேரும் அதன் முன்னால் தலை குனிந்து நிற்பார்கள். நான் வாயைத் திறந்து "உட்காருங்க" என்று சொல்கிறவரை சோறு கிடையாது.