பல் பழுத்த விவகாரத்தில் அக்காவுக்கு ஒரு வாபஸ்

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சௌக்கியம். மனசுதான் சரியில்லை. அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா?

என் மகளின் பல் பழுப்பானதற்கு, சின்ன வயதில் விடுமுறைக்கு வந்தவளுக்கு நீங்கள் கொடுத்த டீதான் காரணம் என்று இருபது வருடமாகச் சொல்லிவந்தேன் அல்லவா? அதை வாபஸ் வாங்குகிறேன். பழி போட்டது உங்கள் மேல் மட்டுமல்ல. குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு குடிநீர் அலுவலகத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன், அங்கிருந்த அதிகாரி அதை மடமடவென்று குடித்துவிட்டு "இப்ப என் பல்லப் பாருங்க சார்" என்று காட்டினார், வெள்ளை வெளேரென்று இருந்தது, அப்படியும் சந்தேகம் தீராமல் பற்பசையை ஏழு தடவை மாற்றி, குழந்தை பல் தேய்க்கும்போது கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று, ஈறில் ரத்தம் வந்த பிறகும் "சோம்பேறி, இன்னும் தேய்" என்று திட்டியிருக்கிறேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டாள்.

பத்து நாளைக்கு முன்னால் அலுவலக அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போன இடத்தில் "கொஞ்சம் சிரிங்க" என்றார்களாம், எழுந்து வந்துவிட்டாள். மறுநாளே பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். "இது மேல படிஞ்ச கறை இல்ல சார், பல்லுக்குள்ளயே இருக்கு. தேய்ச்சா போகாது. எட்டு வயசுக்குள்ள டெட்ராசைக்ளின் மருந்து ஏதாவது குடுத்தாங்களா?" என்று கேட்டார். மருந்துக் கடையில் இருபத்தெட்டு வருடம் நின்றவனிடம் கேட்கிற கேள்வியா? நெஞ்சை நிமிர்த்தி, "குறையே வைக்கல டாக்டர்! ஒரு தும்மல் போட்டாப் போதும், உடனே ரெண்டு ஸ்பூன். சீட்டு, டாக்டர்னு யாரையும் தேடிப் போனதில்ல" என்றேன். அக்கா, அந்த நாற்காலியில் வாயைத் திறந்தபடியே அவள் என் பக்கம் திரும்பினாள்.

ஒன்பது நாளாக என்னோடு பேச்சில்லை. பல்லைப் பழுப்பாக்கியது நான் கொடுத்த அந்த மருந்துதானாம். பல்லுக்கு மேல் உறை போட்டு மறைக்கலாமாம். நான் திட்டியதை எதைப் போட்டு மறைப்பது? வெட்கமாக இருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பேசுவாள். இனி டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையைக்கூடத் தொடமாட்டேன், சத்தியம்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரன் நோய்நொடி இல்லாமல் வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
தம்பி

பி.கு.: பேரனுக்கு மூன்று நாளாக இருமல் என்று கேள்விப்பட்டேன். பழைய மருந்து அரை பாட்டில் இருந்தது, கடிதத்தோடு பார்சலில் வைத்திருக்கிறேன். வேளைக்கு இரண்டு ஸ்பூன். டாக்டரிடம் போய் வீணாக அலைய வேண்டாம்.

அத்தை, தபாலில் சேர்க்கச் சொல்லி அப்பா இதை என்னிடம்தான் கொடுத்தார். பாட்டிலை எடுத்துவிட்டேன். குழந்தையை டாக்டரிடம் காட்டுங்கள். அப்பாவோடு இன்றைக்குப் பேசலாம் என்றிருந்தேன், இன்னும் ஒன்பது நாள் போகட்டும்.